செட்டையும் கைப்பிடிச்சுவரும்

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். சென்னையில் யாரிடமாவது ஊர் பெயரைச் சொன்னால் இந்த விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டது. சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்த வீடுகள் கொஞ்சம். மற்ற வீட்டு வாசல்களில் விடிந்தும் விடியாமல் பட்டாசு ஆலை வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஓடி ஏறுவார்கள். என் சித்தி பதினெட்டு வருடம் அப்படி ஏறியவள்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். விசிட்டிங் கார்டை விடக் கொஞ்சம் பெரிது. பின்னால் சூரிய உதயமோ நீர்வீழ்ச்சியோ, முன்னால் ஒரு வசனம். புது வருடத்துக்கு ஆண்டவர் உனக்குக் கொடுத்த வாக்கு அது. நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்தபோது சபை முழுவதற்கும் ஒரே வசனத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். சங்கீதம் 91இலிருந்து, கூடாரத்தை வாதை நெருங்காது என்று சொல்லும் அந்த வரி. சித்தி அதை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருந்தாள்.

அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சித்தி வேலை செய்த ஆலையில் வெடித்தது. அன்று அவள் லீவு. என் செமஸ்டர் ஃபீஸுக்குச் சங்கிலியை அடகு வைக்கச் சிவகாசி போயிருந்தாள். மருந்து செலுத்துகிற அறையில் அவள் இடத்தில் உட்கார்ந்தவள் பக்கத்துத் தெரு அக்கா. அவளும் எங்கள் சபைதான். அவள் வீட்டிலும் அதே அட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்தார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் இது வழக்கம். பிறந்தநாள், திருமண நாள், மகன் பாஸானது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர். ஐயர் (பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) பெயரையும் தொகையையும் வாசிப்பார். சித்தியின் பெயர் வந்தது. ஆபத்திலிருந்து காத்ததற்காக, 500 ரூபாய். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் அம்மா திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒரு கணக்கு புரியாமல் கேட்பதுபோல இருந்தது.

அந்தப் பார்வைக்குப் பிறகு சங்கீதம் 91ஐ என்னால் பக்தியாக வாசிக்க முடிந்ததில்லை. ஆனால் வாசிப்பதை நிறுத்தவும் முடியவில்லை. நான் இப்போது சபைக்குப் போகிறவன் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. ஒரு கவிதையை வாசிக்கிற மாதிரி, ஒரு கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி, பைபிளில் தேவன் தன் ஜனத்தைக் காக்கும் இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் அந்தச் சங்கீதத்துக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அது நல்ல கவிதை. 16 வசனம்தான். முதலில் ஒரு குரல் தன் நம்பிக்கையைச் சொல்கிறது, பிறகு ‘நீ’ என்று யாரையோ பார்த்துப் பேசுகிறது, கடைசி மூன்று வசனங்களில் கடவுளே பேசுகிறார். நடுவில் அது செய்யும் வேலை ஒன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பயத்தை நேரம் பிரித்துச் சொல்கிறது. ராத்திரியில் வருவது ஒன்று, பகலில் பறந்து வருவது ஒன்று, இருட்டில் நடமாடுவது ஒன்று, மத்தியானத்தில் அழிப்பது ஒன்று. ஒரு நாளின் நான்கு பொழுதும் வந்துவிடுகிறது. வேன் ஏறுகிற ஒருத்தி தன் நாளை எப்படிப் பயப்படுவாளோ அந்த வரிசை. பட்டாசு ஆலையில் மத்தியானம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். வெயில் ஏறினால் மருந்து எப்போது என்ன செய்யும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் தூரத்தில் சத்தம் கேட்டால் தெருவே எழுந்து வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்க்கும்.

பயம் என்ற சொல்லை அந்த வேனில் யாரும் உச்சரிப்பதில்லை. சொன்னால் நாளைக்கு ஏற முடியாது. அதைச் சொல்வதற்கு சித்தி போன்றவர்களிடம் இருந்த ஒரே மொழி இந்தச் சங்கீதம்தான். காலையில் அடுப்புக்கு முன்னால் நின்று அவள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவன், கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறவன், அதை ‘போலி ஆறுதல்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சொல்லக் கூசுகிறது.

தமிழ் பைபிளின் சொற்களும் இதில் பங்கு வகிக்கின்றன. எங்கள் வீடுகளில் இருப்பது 1871இல் வந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்தது. அதில் கடவுளுக்குச் ‘செட்டை’ இருக்கிறது. சிறகு என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே செட்டை என்கிறார்கள். சிறகு புத்தகத்துச் சொல், செட்டை எங்கள் வீட்டுக் கொல்லைச் சொல். பருந்து வட்டமிடும்போது கோழி செட்டையை விரிக்கும், குஞ்செல்லாம் உள்ளே போய்விடும். அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. கடவுளைக் கோழியாக்கிக் காட்டும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். திருவிவிலியம் என்கிற பொது மொழிபெயர்ப்போ முதல் வரியிலேயே ‘பாதுகாப்பு’ என்று போடுகிறது. பழையதில் அந்த இடத்தில் இருப்பது ‘மறைவு’. பாதுகாப்பு தவறான சொல் இல்லை. ஆனால் சிவகாசிப் பக்கம் பாதுகாப்பு என்பது ஆலைச் சுவரில் பெயிண்ட்டால் எழுதியிருக்கும் சொல், வருடத்துக்கு ஒரு வாரம் விழா எடுக்கும் சொல். அதைப் பார்த்து யாரும் கண்ணை மூடி ஜெபித்ததில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஏழாம் வசனத்துக்கு வரவேண்டும்.

உன் ஒரு பக்கம் ஆயிரம் பேர் விழலாம், வலது பக்கம் பத்தாயிரம் பேர் விழலாம், உன்னை எதுவும் நெருங்காது என்கிறது சங்கீதம். அடுத்த வசனம், துன்மார்க்கருக்குக் கிடைக்கும் பலனை நீ கண்ணால் மட்டும் பார்ப்பாய் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன ஆகிறது? விழுந்த ஆயிரம் பேருக்கும் பெயர் கிடையாது. பெயர் கிடைக்காதது போக, அடுத்த வரிக்குள் அவர்கள் துன்மார்க்கர் ஆகிவிடுகிறார்கள். கவிதை அப்படி நேராகச் சொல்லவில்லை, இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். மீதியை வாசிக்கிறவர் மனசே செய்துவிடும். அந்த அக்கா செத்த வாரம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, ‘அவ ஒரு மாசமா கோயிலுக்கே சரியா வரல’ என்றாள். ரொம்ப நல்லவள் அந்தப் பெரியம்மா. செத்த வீட்டுக்கு மூன்று நாள் சோறு பொங்கிக் கொடுத்தவள். அவளைச் சொல்ல வைத்தது கெட்ட மனசு இல்லை, எட்டாம் வசனம்.

*

காக்கப்பட்டவர்களின் கதைகளில் ஓரத்தில் நிற்பவர்களைத் தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான். ஒருமுறை பார்க்கப் பழகிவிட்டால் அவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

தானியேல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல இருக்கும். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரையும் எரிகிற சூளையில் போடச் சொல்கிறான் ராஜா. ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழாவில் இதை நாடகமாகப் போடுவோம். சிவப்பு ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைதான் சூளை. நான் ஒரு வருடம் படைவீரனாக நடித்தேன், வசனமே கிடையாது. மூவரையும் தள்ளிவிட்டு நாங்கள் மேடையை விட்டு ஓடிவிட வேண்டும். பைபிளில் அந்த வீரர்கள் ஓடவில்லை. சூளையை வழக்கத்தை விட ஏழு மடங்கு சூடாக்கச் சொல்லியிருந்தான் ராஜா. மூவரையும் தூக்கிக்கொண்டு போனவர்களை அந்த ஜுவாலையே கொன்றுவிட்டது. ஒரே வசனம். உள்ளே விழுந்தவர்கள் தலைமுடி கூடக் கருகாமல் வெளியே வருகிறார்கள், உடையில் நெருப்பு வாசனை கூட இல்லை. வெளியே, சொன்ன வேலையைச் செய்த ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று கூட எழுதவில்லை. உஷ்ணத்தை ஏற்றச் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அதிகாரத்திலும் அவன்தான் ராஜா. எங்கள் ஊரில் விபத்துக்குப் பிறகு பேப்பரில் வருகிற ‘போர்மேன் கைது’ என்ற வரி நினைவுக்கு வராமல் இதை என்னால் வாசிக்க முடியாது.

யாத்திராகமத்தில் பஸ்கா இரவு. நிலைக்காலில் ரத்தம் பூசிய வீடுகளைச் சாவு கடந்து போகிறது. பூசாத வீடுகளில் தலைப்பிள்ளைகள் சாகிறார்கள். யார் யார் பிள்ளைகள் என்று முந்தின அதிகாரத்தில் மோசே பட்டியல் போடுகிறான்: சிங்காசனத்தில் இருக்கிற பார்வோனின் பிள்ளையில் தொடங்கி, ஏந்திரம் அரைக்கிற அடிமைப்பெண்ணின் பிள்ளை வரை. அந்த அடிமைப்பெண் இஸ்ரவேலரை என்ன செய்தாள்? மாவு அரைத்தாள். எழுதியவர் அவளை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். எழுதியிருக்கிறார். பைபிளை நான் இன்னும் மதிப்பதற்கு இது ஒரு காரணம். தன் வெற்றிக் கதையில் தனக்குச் சங்கடமான ஆளை அழிக்காமல் வைத்திருக்கிறது.

யோபு கதையில் நான்கு வேலைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடி வருகிறார்கள். நால்வரும் சொல்வது ஒன்றேதான், நான் ஒருவன் மட்டும் தப்பினேன் என்று. கடைசியில் வருகிறவன், வீடு இடிந்து உன் பிள்ளைகள் பத்துப் பேரும் போய்விட்டார்கள் என்கிறான். தப்பித்ததை அவர்களில் யாரும் ஸ்தோத்திரமாகச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது செய்தி சொல்லும் வேலை மட்டும். கதை முடிவில் யோபுவுக்கு மறுபடி பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று பிரசங்கத்தில் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். முதல் பத்துப் பேர் திரும்பி வரவில்லை என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டம் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று காட்ட, வெற்றியாக முடிந்த ரிக்வெஸ்ட்டுகளை மட்டும் எண்ணி டாஷ்போர்டு போடுவார்கள். அது எப்போதும் பச்சையாகவே இருக்கும். சாட்சி நேரமும் அப்படித்தான். மைக் முன்னால் வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறவர்கள்.

*

‘அடைக்கலம்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் பைபிளில் பாதுகாப்பைப் பற்றிய இடங்களில் அதிகம் புழங்கும் சொல் இது. மொழிபெயர்த்தவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, அந்தச் சொல்லோடு ஒரு பழைய தமிழ்க் கதையும் கூடவே உள்ளே வந்துவிட்டது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே அடைக்கலக் காதை. மதுரைக்கு வெளியே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்கிற ஆயர் குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். மாதரி நல்ல இடம் கொடுக்கிறாள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். கோவலன் கொலைப்பட்டதற்கு அவள் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. அப்படியும், என்னிடம் வந்த அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்று நெருப்பில் விழுந்து சாகிறாள். கவுந்தியும் உண்ணாமல் இருந்து உயிர் விடுகிறார்.

தமிழில் அடைக்கலம் என்றால் அது. அடைக்கலம் புகுந்தவருக்கு ஏதாவது ஆனால், கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். புகுந்தவரின் பக்தி போதவில்லை என்று மாதரி சொல்லவில்லை. கண்ணகி ஒரு மாதமாகக் கோயிலுக்குச் சரியாக வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா பாயில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வை இந்த மரபிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அவள் பார்த்தது சித்தியை. கேட்டது சித்தியை அல்ல.

இப்படிக் கேட்பது பைபிளுக்கு வெளியே இருந்து கேட்பது என்று நினைத்துவிட வேண்டாம். 44ஆம் சங்கீதம் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது: உன்னை நாங்கள் மறக்கவில்லை, உடன்படிக்கையை மீறவும் இல்லை, பிறகு ஏன் எங்களைக் கைவிட்டாய், எழுந்திரு, ஏன் தூங்குகிறாய் என்று. அதை வாக்குத்தத்த அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் வந்து சிறையிலிருந்து மீட்டுக் கொண்டுபோகிறான். எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டிக் கொன்றுவிடுகிறார்கள். இருவரும் சீஷர்கள், அதே ஏரோது, கொஞ்ச நாள் இடைவெளி. ஏன் ஒருவருக்குத் தூதன் வந்தான், மற்றவருக்கு வரவில்லை? எழுதிய லூக்கா விளக்கமே தரவில்லை. தராததுதான் அவருடைய நேர்மை என்று நினைக்கிறேன். விளக்கம் சொல்லியிருந்தால் அது யாக்கோபின் அம்மாவைப் பற்றிய அவதூறாகத்தான் முடிந்திருக்கும்.

எங்கள் பகுதியில் கிறிஸ்தவம் வந்த கதையிலும் இதே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1799இல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உருவானது. மதம் மாறிய எளிய மக்களை அவர்கள் ஊரிலேயே இருக்கவிடாமல் அடித்துத் துரத்தியபோது, டேவிட் சுந்தரானந்தம் போன்றவர்கள் அவர்களுக்கென்று நிலம் வாங்கி ஊரே கட்டினார்கள். அடைக்கலம் என்பது அங்கே பத்திரம் போட்டு வாங்கிய நிலம், கிணறு, கூரை. அரை நூற்றாண்டு கழித்து ராக்லாந்து வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். வட திருநெல்வேலி முழுக்கக் கூடாரத்தில் தங்கித் தங்கி ஊழியம் செய்தார். நிஜமான துணிக் கூடாரம். 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் திடீரென்று இறந்துபோனார், வயது 43. கூடாரத்தை எதுவும் அணுகாது என்ற வரியை அவர் எத்தனை தடவை வாசித்திருப்பார்? அவருடைய விசுவாசத்தில் ஓட்டை இருந்தது என்று எங்கள் சபையில் எவரும் சொன்னதில்லை. மிஷனரிக்குக் கிடைத்த அந்தச் சலுகை பக்கத்துத் தெரு அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

*

சங்கீதம் 91ஐப் புதிய ஏற்பாட்டில் நேராக எடுத்துச் சொல்கிறவன் ஒரே ஒருவன்தான். சாத்தான்.

இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதர்கள் கையில் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். வசனம் சரி. இரண்டு வரியை மட்டும் அதன் இடத்திலிருந்து கிள்ளி எடுத்து, ஓர் ஆளின் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறான். உலகின் முதல் வாக்குத்தத்த அட்டை. இதை ஓர் ஐயரிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

இயேசு சொல்கிற பதில் எந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உபாகமத்திலிருந்து. தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்ற வசனம். அந்தச் சோதனைக் கதையில் சாத்தானுக்கு அவர் தரும் மூன்று பதில்களுமே உபாகமத்திலிருந்து வருபவை. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்குச் சட்டப் புத்தகத்தால் பதில்.

அந்த உபாகமத்தில், 22ஆம் அதிகாரத்தில், அதிகம் பேர் நின்று வாசிக்காத ஒரு வசனம் இருக்கிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு. யாராவது அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும் என்கிறது. பறவைக் கூட்டில் தாய்ப்பறவையை விட்டுவிடு என்ற சட்டத்துக்கும், திராட்சைத் தோட்டத்தில் இரண்டு விதையைக் கலந்து விதைக்காதே என்ற சட்டத்துக்கும் நடுவே, எந்த அலங்காரமும் இல்லாமல். இங்கே தூதர்கள் இல்லை, செட்டை இல்லை. விழுகிறவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வி இல்லை. கோயிலுக்கு வந்தானா என்ற கேள்வியும் இல்லை. கட்டினவன் சுவர் வைத்தானா, அது மட்டும்தான் கேள்வி. உப்பரிகையில் நின்று சாத்தான் பேசியதற்கு உண்மையான பதில் இந்த வசனம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயும் உயரம், இங்கேயும் உயரம். அவன் குதி, தாங்குவார்கள் என்கிறான். இது சுவரைக் கட்டு என்கிறது.

தேவன் தன் ஜனத்தைக் காக்கிறார் என்றால், பைபிளுக்குள்ளேயே அதற்கு இப்படி ஒரு வழி எழுதியிருக்கிறது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு வைக்க வேண்டிய சுவராக. நாங்கள் செட்டையை எடுத்துக்கொண்டு சுவரை விட்டுவிட்டோம்.

எங்கள் தொழிலில் கைப்பிடிச்சுவர்கள் எவை என்பது ரகசியம் இல்லை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மருந்து கலக்கிற இடத்தில் இன்னும் குறைவு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். அன்றைக்குத் தேவையான மருந்துக்கு மேல் கையில் வைக்கக் கூடாது. மரத்தடியில், வெட்டவெளியில் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. லைசென்ஸ் வாங்கினவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடக் கூடாது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேப்பரில் ‘உராய்வு’ என்ற ஒரு சொல்லை மட்டும் காரணமாக எழுதுகிறார்கள். உராய்வு இயற்பியல், அது எப்போதும் இருக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இயற்பியல் இல்லை. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் ஏறும், பீஸ் கணக்கில் கூலி, இன்னும் ரெண்டு குரோஸ் முடித்தால் இன்னும் கொஞ்சம் காசு. சூளையை ஏழு மடங்கு சூடாக்குவது என்றால் இதுதான்.

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்தது நினைவிருக்கும். கிட்டத்தட்ட 40 பேர் செத்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் சுற்று ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். சங்கீதம் 91ஐ வைத்து இவர்களை எங்கே நிறுத்துவீர்கள்? அவர்கள் வாதைக்கு அருகில் தாங்களாகப் போனவர்கள், அதுவும் அடுத்தவரைத் தூக்க.

லூக்கா 13இல் இயேசுவிடம் கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான் வருகிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்திருக்கிறார்கள். நான்கு சுவிசேஷங்களிலும் எனக்குத் தெரிந்து கட்டட விபத்து பற்றிய ஒரே பேச்சு இது. அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும் விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். தமிழில் வாசிக்கும்போது அந்த ‘இல்லை’ எனக்கு எங்கள் தெருப் பெரியம்மாவுக்குச் சொன்னதுபோல ஒலிக்கும். எட்டாம் வசனத்தின் மேல் ஒரு கோடு போட்ட மாதிரி. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீங்களும் மனம் திரும்பாவிட்டால் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று சேர்த்துவிடுகிறார். இதை மிரட்டலாகத்தான் சபையில் சொல்வார்கள். நான் வேறு விதமாக வாசிக்கிறேன்: செத்தவர்களின் பாவத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, நிற்கிற கோபுரத்தைப் பாருங்கள். இது என் ஆசையை அவர் வாயில் வைப்பதாகக் கூட இருக்கலாம். ஆனாலும் பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஒரு சபையில் சீலோவாம் கோபுரத்தைப் பற்றியோ கைப்பிடிச்சுவரைப் பற்றியோ ஒரு பிரசங்கம் கூட நான் கேட்டதில்லை. முன்வரிசையில் ஆலை வைத்திருக்கிறவரும் உட்கார்ந்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

*

மத்தேயுவில் இயேசு குருவிகளைப் பற்றிப் பேசுகிறார். தமிழில் அந்தக் குருவிக்குப் பெயர் அடைக்கலான் குருவி. வீட்டு இறவாணத்தில் வந்து ஒண்டிக்கொள்வதால் நம் ஆட்கள் வைத்த பெயர். கிரேக்க மூலத்தில் இந்த அடைக்கலம் கிடையாது, தமிழ் சேர்த்தது. ஒரு காசுக்கு இரண்டு கிடைக்கும் அந்தக் குருவிகளில் ஒன்று கூடப் பிதா இல்லாமல் தரையில் விழாது என்று வருகிறது. இதையும் பாதுகாப்பு வசனமாகத்தான் அட்டையில் போடுவார்கள். நன்றாகப் பாருங்கள், குருவி விழாது என்று அவர் சொல்லவே இல்லை. விழுகிறது. அடைக்கலம் என்று பெயர் வைத்திருக்கிற குருவியே விழுகிறது. லூக்காவில் விலை கொஞ்சம் மாறி, இரண்டு காசுக்கு ஐந்து குருவி. ஐந்தாவது கொசுறு. அந்தக் கொசுறுக் குருவியும் மறக்கப்படவில்லை என்கிறார் லூக்கா. மறக்கப்படாமல் இருப்பது காக்கப்படுவது ஆகாது. எனக்கு இது போதுமா என்று கேட்டால் போதாது என்றுதான் சொல்வேன். ஆனால் இதில் பொய் இல்லை.

சித்தி அந்த விபத்துக்கு அப்புறமும் ஆறு வருடம் வேன் ஏறினாள். என் படிப்பு முடிந்து, எனக்கு வேலை கிடைத்து, அடகு வைத்த சங்கிலியைத் திருப்பிய பிறகுதான் நின்றாள். ஸ்தோத்திரக் காணிக்கை மட்டும் அதற்குப் பிறகு அவள் எதற்குமே வைத்ததில்லை. என் கல்யாணத்துக்குக் கூட.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, காலையில் அடுப்படியில் அதே முணுமுணுப்பு கேட்டது. பக்கத்தில் போய் நின்றேன். மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினாள். எங்கே நிறுத்தினாள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

‘என்ன சித்தி, நடுவுல விட்டுட்டீங்க?’

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

‘அந்த ஆயிரம் பேரு வர்ற எடமா? அத நான் சொல்லுறதில்லப்பா. அவ போனதுலருந்தே சொல்லுறதில்ல. அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவேன்.’

‘அடுத்ததுன்னா, துன்மார்க்கர் வர்றதா?’

‘ரெண்டையும்தான்’ என்றாள்.